பாறையில் பதினோரு கணு

1958 ஆகஸ்ட் 6, விருதுநகர்

சென்னை அருங்காட்சியகத்து அதிகாரியின் பதில் இன்றுதான் வந்தது. நான் எழுதி முப்பத்து நான்கு நாள் ஆகிறது. கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழைகள். செய்தியை முன்னிட்டு மன்னித்தேன்.

மே மாதம் சிலுவைத்துறைக் கடற்கரையில், அந்த வண்ணப் பாறைச் சரிவின் அடியில் நான் கண்டதை வரைந்து அனுப்பியிருந்தேன். அது கடற்பசுவின் முதுகெலும்பாக இருக்கலாம் என்கிறார். கல்லாகிப்போன எலும்பு. பதினோரு கணுக்கள், வரிசை கலையாமல். இப்படிக் கலையாமல் அந்தக் கரையில் கிடைத்ததாக அவர் கேள்விப்பட்டதில்லையாம். ஜனவரியில் தாமே வருகிறார். "அதுவரை எவரும் தொட வேண்டாம். கண்டவர் பெயர் பதிவேட்டில் இடம்பெறும்."

கண்டவர்: திருமதி ஞானதீபம் பொன்ராஜ். வயது அறுபத்தேழு.

மூன்று முறை வாசித்தேன். சமையல் செய்யும் வெள்ளைத்தாய், "என்னம்மா, யாரும் மண்டையப் போட்டுட்டாகளா? இம்புட்டு நேரமா ஒரு தாளையே பாக்கீக" என்றாள். எலும்பைப் பற்றி என்றேன். "இருக்கிற மீன்முள்ளுக்கே கண்ணாடி அலமாரி தொடைச்சு மாளலே. இன்னுமா?" என்று போய்விட்டாள். அலமாரியில் நான் சேர்த்திருக்கும் கல்லெலும்புகள் நூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் எண், இடம், தேதி. மீன்முள் ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 24

கொழுந்தனார் சேசுராஜ் வந்தார். அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனியை நடத்துவது அவர். என் கணவர் காலமான பிறகு அவருடைய பங்கு என் பெயரில் இருக்கிறது. லைசென்ஸிலும் என் பெயர் உண்டு.

ஆண்டுதோறும் செப்டம்பர் 14, திருச்சிலுவைத் திருநாளுக்குச் சிலுவைத்துறைக் கோவிலில் வாணவேடிக்கை எங்கள் கம்பெனியின் காணிக்கை. அதைக் கொளுத்துவதற்கு போர்மேன் பெத்தணன் போவான். இருபத்திரண்டு வருஷம் வெடிமருந்தில் கைவைத்தவன்; உடம்பில் ஒரு தழும்பு கிடையாது. இந்த வருஷம் நானும் கம்பெனி வேனில் வருகிறேன் என்றேன்.

"மதினிக்கு வேண்டுதலா, எலும்பா?"

"இரண்டும்."

"எதை முதல்லே பாப்பீக?"

காபியை அவர் பக்கம் நகர்த்தினேன். அவரும் சிரித்துக்கொண்டே எடுத்துக் குடித்தார்.

செப்டம்பர் 13, சிலுவைத்துறை

பாறை அப்படியே இருக்கிறது. உச்சியில் தேரிமணலின் சிவப்பு, மிளகாய்வத்தல் மண்டிக் களம்போல். அதன் கீழே மஞ்சள், அதன் கீழே சாம்பலும் கத்தரிப்பூ நிறமும் கலந்த ஒரு பட்டை. எல்லாவற்றுக்கும் அடியில், அலை தொடும் இடத்தில், வெள்ளைக் கிளிஞ்சல் படுகை. அந்த வெள்ளையில்தான் என் பதினோரு கணு. தொட்டுப் பார்த்தேன். எண்ணினேன். சரியாக இருந்தது.

ஆனால் ஒரு கெட்ட செய்தி. சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் அந்தப் படுகையைத் தோண்ட ஆரம்பித்திருக்கிறார்கள். கிளிஞ்சலைக் கூடையில் அள்ளிக் கொண்டுபோய்ச் சுடுகிறார்கள். என் எலும்புக்கும் அவர்கள் மண்வெட்டிக்கும் இடையில் நாற்பது அடிதான். மேஸ்திரியிடம் எடுத்துச் சொன்னேன்.

"எலும்பாவது ஓடாவது. காளவாயிலே போட்டா எல்லாம் வெள்ளைதாம்மா."

எப்போது அந்த மூலைக்கு வருவீர்கள் என்று கேட்டேன். திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவு, அதன் பின் ஒரு வாரத்தில் என்றான்.

பங்குச்சாமியிடம் சொன்னால் நிறுத்திவைப்பார். ஆனால் சொன்னால் ஊர் கூடும். ஊர் கூடினால் முதலில் கண்டது நான்தான் என்பது யாருக்கு நினைவிருக்கும்? நாளைக்கு யோசிக்கலாம்.

செப்டம்பர் 15

காலையில் ஒரு விபத்து. வாணவேடிக்கையில் மீந்த மருந்தை எடுத்து, என்னிடம் கேளாமல், பெத்தணன் பாறையடியில் வெடி வைத்துவிட்டான். எலும்பை எடுத்துத் தந்தால் நான் மகிழ்வேன் என்று எண்ணினான் போலும். சரிவு இறங்கி அவன் இடுப்புவரை மூடிவிட்டது. தோண்டி எடுத்தார்கள். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எலும்புகளும் போயின. அந்த நேரம் நான் கோவிலில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 16

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 20, விருதுநகர்

சென்னைக்கு எழுதினேன். நகல்: "கூலியாள் ஒருவனின் அறியாமையால் தாங்கள் பார்க்க விரும்பிய பொருள் அழிந்துபோனது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறேன்."

கூலியாளா? போர்மேன் அல்லவா அவன். அறியாமையா? கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகுதான் இந்த இரண்டு சொல்லும் உறுத்துகின்றன. போடுவதற்கு முன் உறுத்தியிருக்கலாம்.

செப்டம்பர் 29

பெத்தணனின் மனைவி மூக்கம்மாள் பஸ் ஏறி வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஆஸ்பத்திரியிலேருந்துதாம்மா வாறேன். அம்மாட்டப் போயி ஒண்ணும் கேக்காதேன்னாரு. கேக்காமத்தான் இருந்தேன். இப்ப கம்பெனிக்குள்ளே மருந்து திருடினவன்னு சொல்லுதாக. எம் மவளைத் தீப்பெட்டி ஆபீசுலே சேக்கப் போனா, திருடன் மவளான்னு கேக்காக."

"யார் சொன்னார்கள்?"

"மொதலாளிதான். கம்பெனி கேட்டிலே வச்சு, எல்லாருக்கும் முன்னாலே."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். அதற்கு நான் கெட்டிக்காரி.

"அவரு எதையும் கேக்காமச் செய்ய மாட்டாரும்மா. உப்புப்போட்டுச் சாப்பிடக்கூட என்னைக் கேப்பாரு. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அரிசியும் இரண்டு சேலையும் கொடுக்கச் சொன்னேன். வெள்ளைத்தாய் கொண்டுவருவதற்குள் வாசல் தாண்டிவிட்டாள். "என்னம்மா செஞ்சீக அவளை?" என்றாள் வெள்ளைத்தாய். நான் என்ன செய்தேன் என்று அதட்டினேன்.

செப்டம்பர் 30

பதினைந்தாம் தேதிக் குறிப்பு பொய். அதை அடிக்கப் போவதில்லை. கிடக்கட்டும். நடந்ததை எழுதுகிறேன்.

நான் கோவிலில் இல்லை. பாறைக்கு அறுபது அடி தள்ளிக் குடையோடு நின்றிருந்தேன். மருந்தும் திரியும் மீந்திருப்பது எனக்குத் தெரியும். விடிந்ததும், காளவாய்க்காரர்கள் வேலைக்குத் திரும்புமுன், பெத்தணனைக் கூப்பிட்டது நான். கிணற்றில் பாறையைப் பிளப்பதுபோல எலும்பு இருக்கும் கட்டியைப் பெயர்த்து எடுத்துவிடலாம் என்று சொன்னது நான். எங்கள் பக்கத்தில் யாருக்கும் மருந்து என்றால் ஒரு பொருட்டில்லை. வீட்டு நாயைப்போல அது நம் சொல்லுக்கு அடங்கும் என்று நினைப்பு. கடலோரத்து மணல்பாறை எங்கள் ஊர்க் கரும்பாறை அல்ல என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அவனுக்குத் தோன்றியது. பாறையைக் கட்டைவிரலால் தேய்த்துக் காட்டினான். "பொலபொலன்னு வருது பாருங்க. கருங்கல்லுன்னா எங்கன பிளக்கும்னு சொல்லிருவேன். இது எங்கிட்டுச் சாயும்னு மருந்துக்கே தெரியாதும்மா. மெட்ராஸ்க்காரரு வர்ற வரைக்கும் பொறுங்க."

"உனக்குப் பயமாயிருந்தால் திரியை என் கையில் கொடு" என்றேன்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்சமாகத்தான் மருந்து வைத்தான். என்னைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னான். கொளுத்திவிட்டு ஓடிவந்து என் பக்கத்தில் நின்றான். வெடித்தது. சின்னச் சத்தம்தான். புகை விலகியதும் பார்த்தேன்: கட்டி பெயர்ந்து, கணுக்கள் மேலே பார்த்தபடி கிடந்தன. அழகாக. வேலை சுத்தம்.

வெடித்த பிறகு நூறு எண்ணும்வரை கிட்டே போகக் கூடாது. மருந்து வேலை செய்கிறவர்களின் சட்டம் அது. சத்தமாகவே எண்ணுவார்கள். அவனும் எண்ணினான். அதற்குள் அலை ஒன்று வந்து கட்டியின் ஓரத்தை நனைத்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. முப்பத்தேழு என்று அவன் சொன்னபோது, "அலை கொண்டுபோகிறது! எடு! ஓடு!" என்று கத்தினேன்.

ஓடினான். இருபத்திரண்டு வருஷத்துச் சட்டத்தை என் ஒரு கத்தலுக்காக விட்டுவிட்டு ஓடினான். குனிந்தான். மேலே இருந்த சிவப்பு முழுவதும் இறங்கியது.

கடவுளே, நான் முதலில் பார்த்தது எலும்பு இருந்த இடத்தைத்தான். பிறகுதான் அவனை. இதையும் எழுதியாக வேண்டும்.

திருவிழாவுக்கு வந்திருந்த சேசுராஜும் ஊராரும் ஓடிவந்தார்கள். "யாரு வைக்கச் சொன்னது?" என்று சேசுராஜ் கத்தினார். மண்ணுக்குள் கிடந்தவன் என்னைப் பார்த்தான். "எனக்குத் தெரியாது, நான் கோவிலில் இருந்தேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தயாராக இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். "நான்தான், மொதலாளி" என்றான்.

அக்டோபர் 4

கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "ஒரு பொய் சொன்னேன், சாமி" என்றேன். எப்படிப்பட்ட பொய் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று பிரியதத்த மந்திரம் சொல்வதுதான் அபராதம். மூன்று! கோவில் வாசலில் நின்று சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் தாமதமாக வந்ததற்குக்கூட எங்கள் சிஸ்டர் பத்துக் கொடுப்பார்.

அக்டோபர் 5

சேசுராஜ் வந்தார். வெடிமருந்து இன்ஸ்பெக்டர் பதினைந்தாம் தேதி கம்பெனிக்கு வருகிறாராம். "கம்பெனிக்குத் தெரியாமப் பெத்தணன் எடுத்தான்னு எழுதிக் குடுத்தாச்சு, மதினி. ஆளையும் நிறுத்தியாச்சு. கேசு வந்தா அவன் மேலேதான். நீங்க அன்னைக்கே டைரியிலே எழுதியிருப்பீகள்லா? அதைக் குடுங்க. உங்க கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கு."

"நடந்தது வேறாக இருந்தால்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு வேறே ஒண்ணும் தெரிய வேண்டாம். லைசென்ஸிலே உங்க பேரு இருக்கு. பங்குதாரரே வைக்கச் சொன்னாகன்னா கம்பெனிக் கதவைச் சாத்திருவாக. தீபாவளிக்கு முப்பத்தாறு நாளு. லோடு ஏத்துற நேரம். நூத்தம்பது குடும்பம், மதினி. யோசிங்க."

யோசிக்கிறேன். ஒரு குடும்பமா, நூற்றைம்பதா? கணக்கு சுலபமாகத்தான் இருக்கிறது. எனக்குச் சாதகமாக இருப்பதால்தான் சந்தேகம்.

அக்டோபர் 10

பாளையங்கோட்டை போனேன். தனியாக, ரயிலில்.

பெத்தணன் காலைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். முறிவு கூடினாலும் கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிடும் என்று நர்ஸ் சொன்னாள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். அது எனக்கு அடிபோல இருந்தது.

"என் பெயரை ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா யாரு நம்புவாக? நீங்க டைரி எழுதுறவுக."

மன்னித்துக்கொள் என்றேன். பிறரிடம் நான் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லை. அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அது எனக்கு வேண்டாம்மா. காலு போனது என் புத்தியாலே. நூறு எண்ணாமப் போனேன்லா, அது என் தப்பு. அதுக்கு உங்களைச் சொல்ல மாட்டேன். ஆனா திருடினேன்னு சொன்னாகளே, கேட்டிலே வச்சு. அதே கேட்டிலே வச்சு மாத்திச் சொல்லணும். நீங்க சொல்லணும். இல்லேன்னா வராதீக."

நான் வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களைப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுக்கச் சொன்னான்.

அக்டோபர் 15

இது தனித்தாள். டைரி இன்ஸ்பெக்டரிடம் இருக்கிறது. திரும்பி வந்ததும் ஒட்ட வேண்டும்.

சேசுராஜ் கேட்டபடி டைரியை நானே எடுத்துப் போனேன். ஆபீஸ் அறையில் இன்ஸ்பெக்டர் பதினைந்தாம் தேதிக் குறிப்பை வாசித்தார். "உங்கள் எழுத்துத்தானே?" என்றார்.

"என் எழுத்து. பொய். முப்பதாம் தேதியைப் பாருங்கள்."

வாசித்தார். நெடுநேரம். சேசுராஜ் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு, டைரியை ஐந்து நிமிஷம் தர முடியுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு கம்பெனி வாசல் கேட்டுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். தூக்குச்சட்டியும் கையுமாக எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

நின்று வாசித்தேன். முழுவதையும். நல்ல தமிழில் எழுதியிருந்தது அப்போது எனக்கே கூச்சமாக இருந்தது. முப்பத்தேழு என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கி வாசித்தேன்.

மருந்து அறையில் வேலை செய்யும் கிழவர் கண்ணுச்சாமி மட்டும் கிட்டே வந்தார். வெடி வைத்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொய்யைப் பற்றியும் சொல்லவில்லை.

"எண்ணி முடிக்க விடலையா நீங்க?" என்றார்.

இல்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். இன்ஸ்பெக்டர் போட்ட உத்தரவைவிட அது கனமாயிருக்கிறது.

உத்தரவு: விசாரணை முடியும்வரை கம்பெனி மூடல். பெத்தணன் மேல் வழக்கு இல்லை.

நவம்பர் 13

தீபாவளி முடிந்தது. கம்பெனி இருபத்து மூன்று நாள் மூடிக்கிடந்து, பண்டிகைக்கு மூன்று நாள் முன்புதான் திறந்தார்கள். ஆர்டர் எல்லாம் வேறு கம்பெனிகளுக்குப் போய்விட்டது. என் பங்கைச் சேசுராஜ் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸில் என் பெயர் இருக்கக் கூடாது என்றார்கள். கையெழுத்து வாங்க அவரே வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மதினி, உங்க மனசைக் கழுவ எங்க சீசன்தான் கெடைச்சுதா?"

பேரைக் காப்பாற்ற ஒரு குடும்பத்தைக் கெடுத்தேன். அதைச் சரிசெய்ய நூற்றைம்பது குடும்பத்துக்குத் தீபாவளி இல்லாமல் செய்தேன். அன்றைக்கே, மண்ணுக்குள் அவன் கிடந்தபோதே, வாயைத் திறந்திருந்தால்? கம்பெனியை அப்போதும் மூடியிருப்பார்கள்தான். ஆனால் சீசன் தொடங்கியிருக்கவில்லை. ஒரு மாதத்தில் திறந்திருப்பார்கள். இந்தத் தாமதம் முழுக்க என்னுடையது.

அச்சங்குளம் பெண்கள் இருவர் கோவிலில் என்னைக் கண்டு பெஞ்சு மாறி உட்கார்ந்தார்கள். சரிதான்.

டிசம்பர் 2

சென்னைக்கு மறுகடிதம். கூலியாள் அல்ல, போர்மேன். அறியாமை அவருடையது அல்ல, என்னுடையது. வேறொன்றும் சேர்க்கவில்லை.

டிசம்பர் 19

பதில் நான்கு வரி. ஜனவரியில் வருகிறாராம், இடிபாட்டையாவது பார்க்க. எந்தத் துண்டு எங்கே விழுந்திருக்கும் என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

எனக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான். வெள்ளைத்தாயின் தம்பி மூலம் கேட்டனுப்பினேன். நானே போகவில்லை; போனால் அவரால் மறுக்க முடியாது.

ஜனவரி 3, 1959

"வாறேன்னு சொல்லு. ஆனா நான் சொல்றபடி செய்யணும்னு சொல்லு." இதுதான் பெத்தணனிடமிருந்து வந்த பதில்.

ஜனவரி 23, சிலுவைத்துறை

விரல்கள் உப்புத்தண்ணீரில் ஊறிப்போயிருக்கின்றன. சுருக்கமாக எழுதுகிறேன்.

அதிகாரி பாறையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மேலே சிவப்பு பிளந்து கிடக்கிறது. கீழே மண்மேடு, அதில் பாதியை நாலு மாதத்து அலை கரைத்துவிட்டது. சரிவுக்குப் பயந்து காளவாய்க்காரர்கள் இந்த மூலைக்கு வரவே இல்லையாம். பெத்தணன் ஊன்றுகோலோடு மணலில் இறங்கி, இடிந்த சரிவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு கோலை நீட்டினார்.

"கெழக்கே தள்ளியிருக்கும். மருந்து இந்தப் பக்கம் வச்சேன், மண்ணு அந்தப் பக்கம் எறங்கிச்சு. மேட்டுக்குள்ளே இருக்காது சார். தண்ணிக்குள்ளே பாருங்க."

அதிகாரி பூட்சுக்காரர். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் தண்ணீர். அடியில் கையால் துழாவ வேண்டும்.

"அங்கன இல்லேம்மா. இடது பக்கம். இன்னும். குனிங்க."

குனிந்தேன். முதல் கணு கையில் அகப்பட்டது.

நண்பகலுக்குள் ஆறு. ஏழாவதாக ஒன்று எடுத்தேன். வெறும் கல் என்று வீசப் போனேன். "கொண்டாங்க பாப்போம்" என்றார். துண்டில் துடைத்து, வெயிலில் வைத்து, காய்ந்ததும் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். வெடியுப்பைச் சோதிக்கிற பழக்கம். "ஒட்டுது. இது கல்லு இல்லே." அதிகாரி வாங்கி அவரும் நாக்கில் வைத்தார், எங்களுக்கும் இதுதானப்பா சோதனை என்று சிரித்தார். பெத்தணனும் சிரித்தார். நான் தண்ணீரில் நின்றிருந்தேன்.

மூக்கம்மாள் சோறு கொண்டுவந்திருந்தாள். அதிகாரிக்கு வைத்தாள், கணவருக்கு வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் கொண்டுபோன ரொட்டியைத் தள்ளி உட்கார்ந்து தின்றேன்.

மாலையில் பதிவேட்டுக்காக அதிகாரி பெயர் கேட்டார். முதலில் கண்டது நான், அது உண்மை, அதை மறைக்கவில்லை. மீட்டது யார் என்பதையும் சொன்னேன். இரண்டையும் எழுதிக்கொண்டார். எது முதலில் வரும் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

ஏழு கிடைத்தன. நான்கு இன்னும் கடலில். அலை நாளைக்கு உள்வாங்குமாம். ஆறு மணிக்கு வந்து நிற்கச் சொல்லியிருக்கிறார் பெத்தணன். பிந்தக் கூடாதாம்.